வெட்டுக்கோடு யார் கையில்?

ஐமேக்ஸ் பிலிம் கேமராவில் பதிவாகும் பிரேமின் அகலம் அதன் உயரத்தைப்போல 1.43 மடங்கு. நாம் சினிமாஸ்கோப் என்று பழகிய திரையின் அகலம் உயரத்தைப்போல 2.39 மடங்கு. அகலத்தைத் தொடாமல் முதலாவதை இரண்டாவதற்குள் கொண்டுவந்தால் உயரத்தில் 40 விழுக்காடு போய்விடும். அதாவது, பெரும் செலவில், பெரும் சிரமத்தில் எடுத்த படத்தின் ஐந்தில் இரண்டு பங்கைச் சாதாரணத் தியேட்டரில் உட்கார்ந்திருப்பவர் பார்க்கப்போவதே இல்லை. அந்த இரண்டு பங்கில் மேலிருந்து எவ்வளவு, கீழிருந்து எவ்வளவு என்ற கேள்வி ஒவ்வொரு ஷாட்டிலும் புதிதாக எழுகிறது. முன்பு லேபில் ஆப்டிக்கல் பிரிண்டர் முன்னாலும் இன்று டிஐ (டிஜிட்டல் இன்டர்மீடியட்) அறையிலும் இந்த வேலையைச் செய்கிறவர்கள் தினமும் சந்திக்கும் கேள்வி இது. கணக்கு இதற்குப் பாதி பதிலைத்தான் தரும். மீதிப் பாதியை, அந்தக் காட்சி எதற்காக எடுக்கப்பட்டது என்று தெரிந்த ஒருவரின் கண்தான் தர வேண்டும். இந்தத் தொழிலுக்குள் இருந்து நான் வந்தடைந்த முடிவு இது. இதை ஏற்காதவர்கள் தொழிலுக்கு உள்ளேயே நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் காரணங்களைச் சொல்லியாக வேண்டும்.

இதற்கு ஏன் இவ்வளவு கவலை என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2023-இல் வெளிவந்த ‘ஓப்பன்ஹைமர்’ படத்தின் ஐமேக்ஸ் பிலிம் பிரிண்ட் உலகம் முழுவதும் சுமார் 30 தியேட்டர்களில் ஓடியது. ஒரு பிரிண்டின் நீளம் 11 மைல், எடை ஏறக்குறைய 270 கிலோ. அந்த 30-இல் ஒன்றுகூட இந்தியாவில் இல்லை. ஹைதராபாத் பிரசாத்ஸில் ஐமேக்ஸ் பிலிம் ஓடிய காலம் ஒன்று இருந்தது, அதுவும் முடிந்துவிட்டது. சென்னையிலும் மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எல்லோரும் பார்த்தது மாற்றியமைக்கப்பட்ட பதிப்பைத்தான். மூலத்தைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊர்களில் இருந்தவர்கள். அப்படியிருக்க, சாதாரணத் திரைக்கான பதிப்பை எஞ்சியவர்களுக்கான மிச்சம் என்று நினைத்துக் கடைசி வாரத்தில் அவசரமாக முடிப்பது, படத்தைப் பார்க்கும் பெரும்பான்மையை மதிக்காத செயல். என் வாதம் இங்கிருந்துதான் தொடங்குகிறது: பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பதிப்புதான் படம்.

பெரிய பிலிமில் எடுத்ததைச் சின்ன பிலிமுக்குக் கொண்டுவருவது எவ்வளவு பெரிய தலைவலி என்பதை 1955-ஆம் ஆண்டே காட்டிவிட்டது. டாட்-ஏஓ முறையில், 65 மி.மீ. நெகட்டிவில் வந்த முதல் படம் ‘ஓக்லஹோமா!’. அந்தக் கேமரா நொடிக்கு 30 பிரேம் ஓடியது. ஊரெல்லாம் இருந்த 35 மி.மீ. புரொஜெக்டர்கள் நொடிக்கு 24 பிரேம் ஓடின. ஐந்து பிரேமில் ஒன்றைத் தூக்கி எறிந்தால் அசைவு தத்தித் தத்திப் போகும். வேறு வழி தெரியாமல் படத்தையே இருமுறை எடுத்தார்கள்: ஒருமுறை டாட்-ஏஓவில், ஒருமுறை 35 மி.மீ. சினிமாஸ்கோப்பில். நடிகர்கள் ஒரே வசனத்தை இரண்டு கேமராவுக்கும் பேசினார்கள். ஆகவே இன்று அந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இரண்டிலும் நடிப்புகூட அச்சாக ஒன்றல்ல. அடுத்த ஆண்டு ‘அரவுண்ட் த வேர்ல்ட் இன் 80 டேஸ்’ படத்துக்கும் இதே இரட்டை வேலை. 1958-இல் ‘சவுத் பசிபிக்’ வந்தபோது டாட்-ஏஓ 24 பிரேமுக்கு இறங்கி வந்தது. அதன் பிறகுதான் ஒரே நெகட்டிவிலிருந்து இரண்டு அளவிலும் பிரிண்ட் எடுக்க முடிந்தது. சிறிய திரையின் தேவை பெரிய கேமராவின் வேகத்தையே மாற்றிய இந்தச் சம்பவம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மாற்றியமைப்பது படப்பிடிப்பு முடிந்த பிறகு லேபில் தொடங்கும் வேலை அன்று; அது கேமரா ஓடத் தொடங்கும் முன்பே தொடங்கிவிடுகிறது.

அதே காலத்தில் பாரமவுண்ட் நிறுவனம் கொண்டுவந்த விஸ்டாவிஷனை இந்த வரலாற்றில் நாகரிகமான பக்கம் என்றே சொல்வேன். 1954-இல் ‘வைட் கிறிஸ்மஸ்’ படத்தோடு வந்த அந்த முறையில் 35 மி.மீ. பிலிமே கேமராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடியது. ஒரு பிரேமுக்கு எட்டு ஓரத்துளைகள். அந்தப் பெரிய பிரேமைக் குறுக்கிச் சாதாரண 35 மி.மீ. பிரிண்ட் போட்டார்கள். ஒவ்வொரு தியேட்டரிலும் திரையின் விகிதம் வேறுவேறாக இருந்ததால், ரீலின் தொடக்கத்தில் ‘எஃப்’ எழுத்து வடிவில் ஒரு குறியைப் பதித்து அனுப்பினார்கள். ஆபரேட்டர் தன் திரைக்குரிய கோட்டில் அந்தக் குறியை நிறுத்தினால் தலை வெட்டுப்படாது. எங்கே வெட்ட வேண்டும் என்ற முடிவு படத்தோடு சேர்ந்தே பயணித்தது. இன்றைய டிஜிட்டல் கோப்புகளில் இவ்வளவு தெளிவான ஏற்பாடு அபூர்வம்.

இனி வேலைக்குள் போவோம். ஐமேக்ஸ் கேமராவில் 65 மி.மீ. நெகட்டிவ் படுக்கைவாட்டில் ஓடுகிறது. ஒரு பிரேமுக்கு 15 துளைகள். திரைக்கு வரும் பிரேமின் அளவு சுமார் 70-க்கு 49 மி.மீ. நிமிடத்துக்கு 102 மீட்டருக்கு மேல் பிலிமைத் தின்னும். ஆயிரம் அடி ரோல் மூன்று நிமிடத்தில் காலி. பரப்பில் இது அனமார்ஃபிக் 35 மி.மீ. பிரேமைப்போல ஏறக்குறைய ஒன்பது மடங்கு. ஐந்து துளை 65 மி.மீ. பிரேமைப்போல மூன்று மடங்கு. இதை 35 மி.மீ. ஸ்கோப் பிரிண்டாக மாற்ற, ஆப்டிக்கல் பிரிண்டரின் ஒரு பக்கத்தில் பெரிய பிலிம், மறுபக்கத்தில் 35 மி.மீ. கேமரா, நடுவில் அனமார்ஃபிக் லென்ஸ். 2.39 விகிதத்துக்கு 70 மி.மீ. அகலத்தை முழுதாக எடுத்தால் உயரம் 29 மி.மீ. வரும். அந்த 29 மி.மீ., 35 பிரேமில் பதினேழரை மி.மீட்டராகிறது. அகலமோ 70-லிருந்து 21-க்கு வருகிறது. உயரம் 60 விழுக்காடாகக் குறையும்போது அகலம் 30 விழுக்காடாகக் குறைகிறது. தியேட்டரின் லென்ஸ் அதை இரண்டு மடங்கு விரித்துச் சரியாக்குகிறது. பிரேமுக்குப் பிரேம் துளைகளில் ஊசி உட்கார வேண்டும். கீறல் தெரியாமலிருக்கத் திரவக் கேட்டில் ஓட்ட வேண்டும். ஆப்டிக்கல் பிரிண்டரின் நேரொளி கான்ட்ராஸ்டைக் கூட்டும் என்பதால் அதையும் முன்கூட்டியே எக்ஸ்போஷரிலும் டெவலப்பிங்கிலும் ஈடுகட்ட வேண்டும். கையும் கண்ணும் பழகிய ஆட்கள் இல்லாமல் இது நடக்காது. இன்றும் ‘டன்கர்க்’ போன்ற படங்களின் ஐந்து துளை 70 மி.மீ. பிரிண்டுகளுக்கு ஐமேக்ஸ் பகுதிகளை ஆப்டிக்கல் முறையில்தான் குறுக்கினார்கள்.

இங்கே முதல் மறுப்பு வரும்: கடைசியில் சாதாரணத் திரைதான், பெரும்பாலும் 2கே புரொஜெக்டர்தான் என்றால் அத்தனை பெரிய பிலிமில் எடுப்பது வீண் அல்லவா? கணக்கைப் பார்த்தால் வீண் இல்லை. 40 விழுக்காட்டை வெட்டிய பிறகு மிஞ்சும் 70-க்கு 29 மி.மீ. துண்டுகூட 35 மி.மீ. அனமார்ஃபிக் பிரேமைவிட ஐந்து மடங்கு பெரியது. ஐந்து துளை 65 மி.மீ. பிரேம் முழுவதையும்விடப் பெரியது. பிலிமின் துகள் எந்த அளவிலும் ஒரே துகள்தான். பெரிய பிரேமைக் குறுக்கும்போது துகளும் சேர்ந்து குறுகுகிறது. டிஜிட்டலில் 8கே ஸ்கேனை 2கேயாக இறக்கினால் பதினாறு புள்ளிகளின் சராசரி ஒரு புள்ளியாகிறது. துகளின் இரைச்சல் ஏறக்குறைய கால்வாசியாகிறது. இதைவிட முக்கியமான இன்னொன்றும் உண்டு. 35 மி.மீ. கேமராவில் சாதாரண 25 மி.மீ. லென்ஸ் தரும் பார்வைக் கோணத்துக்கு ஐமேக்ஸில் 80 மி.மீ. லென்ஸ் வேண்டும். அகன்ற காட்சி, ஆனால் ஃபோகஸின் ஆழம் குறைவு. அதனால் முகம் பின்னணியிலிருந்து பிரிந்து நிற்கும் விதம் தனியானது. இதை எந்தச் சிறிய திரையும் அழிக்க முடியாது. 2011-இல் வந்த ‘சம்சாரா’ 65 மி.மீட்டரில் எடுக்கப்பட்டு டிஜிட்டலாகவே பெரும்பாலும் திரையிடப்பட்டது. தோலின் நிறப்படிகளும் பாலைவன மணலின் நுணுக்கமும் அந்தப் படத்தில் எங்கிருந்து வந்தன என்று பயிற்சி உள்ள எந்தக் கண்ணும் சொல்லிவிடும்.

ஆனால் இந்த லாபம் தானாகக் கைக்கு வந்துவிடாது. டிஜிட்டலில் இறக்கும்போது பாழாக்க நிறைய வழிகள் உள்ளன. தூரத்து ஓட்டுக்கூரை, கம்பிவலை, கோடு போட்ட சட்டை ஆகியவை 8கேயில் தெளிவாக இருக்கும். சரியான வடிகட்டல் இல்லாமல் 2கேயாக்கினால் அவை மினுமினுத்து நெளியும். அதற்குப் பயந்து அதிகமாக வடிகட்டினால் பஞ்சுபோல மங்கும். அதைச் சரிசெய்யக் கூர்மையைக் கூட்டினால் வானத்துக்கு எதிரே நிற்கும் கட்டட விளிம்பில் வெள்ளைக் கோடு முளைக்கும். மூன்றில் எதைப் பொறுத்துக்கொள்வது என்பதைப் படத்தை ஓடவிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். நிறுத்திவைத்த பிரேமில் அழகாக இருக்கும் மரம், ஓடும்போது இலை இலையாக நடுங்கும். நிறத்துக்கு, பிலிம் பிரிண்டைப் பக்கத்தில் ஓடவிட்டு டிஜிட்டலை அதற்கு ஒப்பிட்டுத் திருத்தும் பழைய முறையைவிட நம்பகமானது எனக்குத் தெரிந்து இல்லை.

இனி வெட்டுக்கோடு. பெரும்பாலானவர்கள் நடுவிலிருந்து வெட்டு என்பார்கள். இது ஏன் தவறு என்பதை எண்களே காட்டும். ஐமேக்ஸ் ஆவணப்படக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பின்பற்றும் வழக்கம், முகத்தையும் அடிவானத்தையும் பிரேமின் கீழ் மூன்றில் ஒரு பங்கில் வைப்பது. திரை ஆறேழு மாடி உயரம்; பார்வையாளரின் இயல்பான கண்மட்டம் அங்கேதான் விழும்; மேலே உள்ளது அண்ணாந்து பார்க்கும் வெளி. அந்த பிரேமை நடுவிலிருந்து வெட்டினால் மேலே 20 விழுக்காடும் கீழே 20 விழுக்காடும் போகும். கீழிருந்து 33 விழுக்காட்டில் இருந்த கண்கள், புதிய பிரேமில் கீழிருந்து 22 விழுக்காட்டுக்கு வந்துவிடும். க்ளோஸ்-அப் என்றால் வாயும் தாடையும் திரைக்கு வெளியே. அதனால் வெட்டைக் கீழே இறக்க வேண்டும். எல்லா ஷாட்டுக்கும் ஒரே அளவு இறக்கினால் போதுமா என்றால், போதாது. மலையுச்சியில் ஏறுபவனைக் காட்டும் ஷாட்டில் உச்சி மேலே இருக்கிறது, பள்ளத்தாக்கு கீழே இருக்கிறது. இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும். அவன் விழுவானோ என்று நாம் பயப்பட வேண்டுமானால் பள்ளம் வேண்டும். அவன் அடைவானா என்று ஏங்க வேண்டுமானால் உச்சி வேண்டும். இந்த முடிவு கதையைச் சேர்ந்தது. கணினியில் ஒரு எண்ணைத் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை.

இதற்குப் பதிலாக ஒளிப்பதிவாளர்கள் சொல்வது: நாங்கள் வ்யூஃபைண்டரிலேயே இரண்டு சட்டங்களையும் வரைந்துகொள்கிறோம், முக்கியமானதெல்லாம் 2.39-க்குள் இருக்கும், மேலும் கீழும் வெறும் இடம்தான், ஆகவே உங்களுக்கு வேலையே இல்லை. பொதுப் படங்களில் இது உண்மையும்கூட. 2008-இல் ‘த டார்க் நைட்’ படத்தில் சுமார் 28 நிமிடங்கள் ஐமேக்ஸில் எடுக்கப்பட்டன. ஒளிப்பதிவாளர் வாலி ஃபிஸ்டர் இரண்டு விகிதங்களையும் மனத்தில் வைத்துத்தான் பிரேம் வைத்தார். சாதாரணத் தியேட்டரில் அந்தப் படம் தொடக்கம் முதல் முடிவுவரை ஒரே 2.39-இல் ஓடியது. ஐமேக்ஸ் திரையில் விகிதம் காட்சிக்குக் காட்சி மாறிக்கொண்டிருந்ததைப் பார்க்கும்போது, சாதாரணப் பதிப்பின் இந்தச் சீர்மை ஒரு லாபம் என்றே நினைக்கிறேன். ஆனாலும் மேலும் கீழும் வெறும் இடம் என்ற பேச்சை ஒப்புக்கொள்ள முடியாது. ஹாங்காங் கோபுரத்தின் உச்சியில் பேட்மேன் நிற்கும்போது அவன் காலடியில் இறங்கும் ஆழம்தான் அந்தக் காட்சியின் பொருள். அதில் எவ்வளவு ஆழத்தைக் காப்பாற்றலாம் என்பது தலைக்கு மேல் எவ்வளவு வானத்தை விட்டுக்கொடுக்கலாம் என்பதைப் பொறுத்தது. 2025-இல் வந்த ‘சின்னர்ஸ்’ இதைவிடக் கடுமையான உதாரணம். ஐமேக்ஸும் 2.76 விகித அல்ட்ரா பானாவிஷனும் கலந்து எடுக்கப்பட்ட படம். சாதாரணத் திரைக்கு எல்லாவற்றையும் 2.76-க்குள் கொண்டுவந்தார்கள். ஐமேக்ஸ் பகுதிகளின் உயரத்தில் ஏறத்தாழ பாதி போகிறது. பாதி போகிற இடத்தில் வேலையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டு சட்டங்களையும் வரைவது தேவையான முதல் படி. ஒவ்வொரு ஷாட்டிலும் பார்த்து நிறுத்துவது அதற்கடுத்த படி.

எதிர்முனையில் இருப்பவர்களின் வாதம் எனக்கு மனத்துக்கு நெருக்கமானது, ஆனாலும் முழுதாக ஏற்க முடியாதது. எதையும் வெட்டாதே, முழு 1.43 பிரேமையும் நடுவில் வைத்து இரண்டு பக்கமும் கறுப்பு விடு என்பது அவர்கள் கட்சி. 1.85 டிஜிட்டல் சட்டத்துக்குள் வைத்தால் திரையின் அகலத்தில் 77 விழுக்காடு கிடைக்கும். ஸ்கோப் சட்டத்துக்குள் வைத்தால் 60 விழுக்காடு. இன்று பல மல்டிபிளெக்ஸ்களில் பக்கத்திரையை இழுத்து மூடும் மாஸ்கிங் ஏற்பாட்டையே எடுத்துவிட்டார்கள். பக்கங்களில் சாம்பல் பட்டைதான் தெரியும். எடுத்தவன் கண்ட அகலம் பார்ப்பவனுக்குச் சுருங்கிப்போகும். உயரத்தைக் காப்பாற்ற முயன்று பிரம்மாண்டத்தையே இழக்கிறோம். உயரமே பொருளாக இருக்கும் ஆவணப்படத்துக்கு, 1998-இல் வந்த ‘எவரெஸ்ட்’ போன்றதற்கு, இந்த வழி சரியாக இருக்கலாம். கதைப் படத்துக்கு இது பொருந்தாது. இயக்குநர் பால் தாமஸ் ஆண்டர்சன் 2012-இல் ‘த மாஸ்டர்’ படத்தைப் பெரும்பாலும் 65 மி.மீட்டரில் எடுத்தும் 1.85-க்கே பிரேம் வைத்தார், 70 மி.மீ. பிரிண்டிலும் அதே 1.85. பெரிய நெகட்டிவ் என்பதற்காக அதன் முழு வடிவத்துக்கும் அடிமையாக வேண்டியதில்லை என்பதற்கு அது சான்று.

நம் ஊரில் இந்தச் சிக்கல் தலைகீழாக வந்தது. இந்திய ரசிகர்கள் 70 எம்.எம். என்று அறிந்தவற்றில் பெரும்பாலானவை 35-இல் எடுத்து ஊதிப் பெரிதாக்கியவை. 1975-இன் ‘ஷோலே’ அப்படித்தான்: 35 மி.மீ. பிரேமின் மேலும் கீழும் வெட்டி 70 மி.மீ. ஆக்கினார்கள். தமிழில் முதல் 70 எம்.எம். படம் என்று பெயர் பெற்ற ‘மாவீரன்’ 1986-இல் வந்தது. பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் விகிதம் மாறும்போது வெட்டுக்கோடு வந்துவிடுகிறது. இதை ஒரு வெளிநாட்டுத் தொழில்நுட்பச் சிக்கல் என்று ஒதுக்க நமக்கு உரிமை இல்லை.

அண்மைக்கால மறுப்பு மென்பொருளிலிருந்து வருகிறது. முகத்தைத் தேடிப் பிடித்து அதற்கேற்ப வெட்டை நகர்த்தும் நிரல்கள் இருக்கின்றன. மனிதர் எதற்கு என்கிறார்கள். நான் இரண்டு காரணங்களுக்காக இதை ஏற்கவில்லை. ஒன்று, நிரல் முகத்தைப் பார்க்கிறது. முகத்தைச் சிறியதாகக் காட்டுவதற்காகவே அந்த ஷாட் எடுக்கப்பட்டது என்பதைப் பார்ப்பதில்லை. மற்றொன்று இன்னும் முக்கியம்: ஷாட் ஓடிக்கொண்டிருக்கும்போது வெட்டை மேலும் கீழும் நகர்த்தினால், கேமராமேன் செய்யாத ஒரு டில்ட் திரையில் உருவாகிறது. ஸ்கோப் படங்களைத் தொலைக்காட்சிக்கு மாற்றிய காலத்தில் இப்படிப் பக்கவாட்டில் நகர்த்தி எத்தனையோ நல்ல படங்களைக் கெடுத்தார்கள். கேமரா அசையாத ஷாட்டில் வெட்டும் அசையக்கூடாது என்பதை நான் விலக்கில்லாத விதியாகக் கருதுகிறேன். கேமராவே நகரும் ஷாட்டில், அந்த நகர்வுக்குள் மறையும்படி சற்று நகர்த்தலாம். அதற்கும் இயக்குநர் அல்லது ஒளிப்பதிவாளர் ஒப்புதல் தர வேண்டும்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகு அந்த முடிவுகள் எங்கே போகின்றன? நெகட்டிவ் குளிரூட்டிய அறையில் ஐம்பது, நூறு ஆண்டு இருக்கும். 2019-இல் வந்த ‘அப்பல்லோ 11’ ஆவணப்படம் அதற்கு நல்ல சாட்சி: அரை நூற்றாண்டாக அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடந்த 65 மி.மீ. ரீல்களை எடுத்து ஸ்கேன் செய்து அந்தப் படத்தைச் செய்தார்கள். பிலிம் காத்திருக்கும். ஆனால் எந்த ஷாட்டில் வெட்டு எத்தனை விழுக்காடு கீழே இறங்கியது என்ற விவரம் டிஐ மென்பொருளின் ஒரு புராஜெக்ட் கோப்பில் இருக்கும். பத்து ஆண்டில் அந்த மென்பொருளின் புதிய பதிப்பு அந்தக் கோப்பைத் திறக்காது. பிறகு யாரோ மீண்டும் நெகட்டிவை ஸ்கேன் செய்து, நடுவிலிருந்து வெட்டி, புதுப்பிக்கப்பட்ட பதிப்பு என்று வெளியிடுவார்கள். அப்போது போவது ஒளிப்பதிவாளர் முடிவு செய்து வைத்த பிரேம். ஆகவே தயாரிப்பாளர்களிடமும் காப்பகங்களிடமும் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஷாட் எண், வெட்டின் மேல் எல்லை, கீழ் எல்லை, ஒப்புதல் தந்தவர் பெயர் ஆகிய நான்கு பத்திகள் கொண்ட ஒரு பட்டியலைத் தாளில் அச்சிட்டு, நெகட்டிவ் டப்பா இருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். படம் வெளியான மாதத்திலேயே அதைச் செய்யுங்கள். ஒளிப்பதிவாளரிடம் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.